தென் சூடானில் மனித உரிமை அலுவலர் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சட்டமோ சமூகப்பணியோ படித்துவிட்டு, "ஐ.நா.வில் மனித உரிமை வேலைக்குப் போகணும், அங்கே என்னதான் செய்வாங்க?" என்று கேட்கிறவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லி வந்த பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். போர் நடக்கும் நாடுகள் பல. ஒவ்வொன்றிலும் வேலை ஒவ்வொரு விதம். அதனால் பெரும்பாலும் தென் சூடானை வைத்தே பேசுகிறேன். தேவைப்படும் இடத்தில் ஆப்கானிஸ்தானும் மாலியும் வரும்.

தென் சூடானில் என்ன நடந்தது? முதலில் அதைச் சொல்லுங்கள்.

2011 ஜூலை 9 அன்று சூடானிலிருந்து பிரிந்து தனி நாடானது. அதற்கு முந்தைய நாள் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 1996ஆம் எண் தீர்மானத்தை நிறைவேற்றி (அது தீர்மான எண், ஆண்டு இல்லை) யுன்மிஸ் என்ற பணிக்குழுவை அமைத்தது. புது நாட்டைக் கட்டியெழுப்பக் கைகொடுப்பதுதான் அப்போது அதற்குக் கொடுத்த வேலை.

இரண்டரை ஆண்டுகூட ஆகவில்லை. 2013 டிசம்பர் 15 இரவு தலைநகர் ஜூபாவில் அதிபர் சல்வா கீர் பக்கப் படையினரும், பதவி நீக்கப்பட்ட துணை அதிபர் ரியக் மச்சார் பக்கப் படையினரும் சுட்டுக்கொண்டார்கள். கீர் டிங்கா இனம், மச்சார் நுவேர் இனம். ஓரிரு நாளில் அரசியல் சண்டை போய், ஆள் எந்த இனம் என்று பார்த்துக் கொல்வது வந்துவிட்டது. நெற்றித் தழும்பைப் பார்த்தும், பேசும் மொழியைச் சோதித்தும் ஆட்களைப் பிரித்தார்கள். உயிர் தப்பியவர்கள் ஐ.நா. முகாம்களின் வாசலுக்கு ஓடி வர, கதவுகள் திறக்கப்பட்டன. சில நாட்களுக்கென்று நினைத்தது ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2014 மே மாதம் 2155ஆம் எண் தீர்மானம் யுன்மிஸின் வேலையையே மாற்றியது: நாடு கட்டுவது போய், பொதுமக்களைக் காப்பதும் மனித உரிமை மீறல்களை விசாரித்துப் பதிவு செய்வதும் முன்னுக்கு வந்தன.

2015 ஆகஸ்டில் ஓர் அமைதி ஒப்பந்தம். 2016 ஜூலையில் ஜூபாவில் மீண்டும் சண்டை. 2018 செப்டம்பரில் இன்னோர் ஒப்பந்தம். அது காகிதத்தில் இன்னும் உயிரோடிருக்கிறது. 2025 மார்ச்சில் மச்சார் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். செப்டம்பரில் அவர் மீது கொலை, தேசத்துரோகம் முதலான குற்றச்சாட்டுகள் பதிவாயின.

மனித உரிமை அலுவலருக்கு என்ன அதிகாரம் உண்டு? கைது செய்யலாமா?

முடியாது. துப்பாக்கி இல்லை, சம்மன் அனுப்பும் உரிமை இல்லை, வழக்குப் போடவும் முடியாது. கையில் இருப்பது பாதுகாப்பு மன்றத் தீர்மானம் ஒன்று, நாட்டு அரசோடு போட்ட ஒப்பந்தம் ஒன்று. எங்கும் போகலாம், யாரையும் சந்திக்கலாம் என்று அந்த ஒப்பந்தம் சொல்லும். சோதனைச்சாவடியில் நிற்கும் இளைஞன் அதைப் படித்திருக்க மாட்டான்.

வேலை என்னவென்றால்: கேள்விப்பட்டதை விசாரிப்பது, சரிபார்ப்பது, எழுதுவது, எழுதியதை வைத்துச் சம்பந்தப்பட்டவர்களிடம் போய் நிற்பது. முதல் மூன்றும் தெரிந்த பலருக்கு நான்காவது வராது. மாவட்ட ஆணையர் முன்னால் உட்கார்ந்து, அவர் கீழுள்ள ஆட்கள் செய்ததை அவரிடமே சொல்லி, கதவு சாத்தப்படாமல் வெளியே வரத் தெரிய வேண்டும்.

செஞ்சிலுவைச் சங்கம் செய்வதும் இதுதானே?

இரண்டு பேரும் சிறைக்குப் போவார்கள், இரண்டு பேரும் கைதிகளிடம் தனியாகப் பேசுவார்கள். ஆனால் செஞ்சிலுவை கண்டதைப் பெரும்பாலும் அரசிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லும். அந்த ரகசியம்தான் அதற்குக் கதவைத் திறந்து வைக்கிறது. ஐ.நா. மனித உரிமைப் பிரிவு பகிரங்கமாக அறிக்கை வெளியிடும். அதனால் சில கதவுகள் நமக்கு மூடியே இருக்கும். இரண்டு வழியும் தேவை. எது மேல் என்று சண்டை போடுகிறவர்கள் களத்துக்குப் போகாதவர்கள்.

நீலத் தொப்பி அமைதிப்படையினர் யுன்மிஸிலேயே இன்னொரு பகுதி, இந்தியப் படையினரும் அதில் இருக்கிறார்கள். நாங்கள் சிவிலியன்கள். ஆனால் எங்கே ரோந்து போகலாம், எந்தப் பாதையில் பெண்கள் தாக்கப்படுகிறார்கள் என்று அவர்களுக்குச் சொல்வது எங்கள் வேலை. ஐ.நா. ஒரு நாட்டின் ராணுவத்துக்கோ போலீசுக்கோ உதவி செய்யுமுன், அந்தப் படை உரிமை மீறலில் ஈடுபடும் ஆபத்து எவ்வளவு என்று மதிப்பிட்டுச் சொல்வதும் எங்கள் தலையில்தான்.

வழக்கமான ஒரு வேலைநாள் எப்படி இருக்கும்?

படுகொலை விசாரணைதான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். நாளில் பெரும்பகுதி போவது சிறையிலும் காவல் நிலையத்திலும். அதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலில் கண்காணிப்பாளர் அறையில் உட்கார்ந்து சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீ குடிக்க வேண்டும். அவசரப்பட்டால் காரியம் கெடும். அவருக்கும் சம்பளம் மாதக்கணக்கில் வந்திருக்காது. கைதிகளுக்குச் சோளம் வாங்கப் பணம் இல்லை என்பார். அது பொய்யில்லை. பிறகு பதிவேட்டைக் கேட்போம். பெயர், உள்ளே வந்த தேதி, குற்றம், எந்த நீதிபதியின் உத்தரவு. கடைசிப் பத்தி வரிசையாக வெறுமையாகக் கிடக்கும். கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டுமென்றால் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும் என்று தென் சூடானின் இடைக்கால அரசியல் சட்டமே சொல்கிறது. பதிவேட்டில் மாதங்கள் ஓடியிருக்கும்.

பிறகு முற்றம். தகரக் கூரை, நடுவில் ஒரு மரம், சிலர் காலில் சங்கிலி. இங்கே ஒரு விதி உண்டு: ஒரே ஓர் ஆளைக் கூப்பிட்டுப் பேசவே கூடாது. நீங்கள் போன பிறகு, "ஐ.நா.காரனிடம் என்ன சொன்னாய்?" என்று அவரைத்தான் கேட்பார்கள். பத்துப் பேரிடம் பேசுங்கள்; ஒன்றும் சொல்ல இல்லாதவரிடமும் அதே நேரம் உட்காருங்கள். யார் என்ன சொன்னார்கள் என்று காவலருக்குத் தெரியக் கூடாது.

கேட்டால் வருகிற காரணங்கள்: அண்ணன் ஒருவனைக் கொன்றுவிட்டு ஓடிவிட்டான், அவன் கிடைக்கும்வரை தம்பி உள்ளே. மாட்டுக் கடன் தீர்க்காததால் ஒருவர். வீட்டார் நிச்சயித்த கல்யாணத்தை மறுத்த பெண்; கணவன் கொடுத்த கள்ள உறவுப் புகாரில் இன்னொரு பெண், இடுப்பில் குழந்தையோடு. மனநலம் குன்றியவர், வைத்துக்கொள்ள வேறு இடமில்லை என்பதற்காக. பெரும்பாலான வழக்குகளைத் தீர்ப்பது ஊர்த்தலைவர்களின் வழக்காற்று நீதிமன்றங்கள்தான். அங்கே தண்டனையும் இழப்பீடும் மாட்டுக் கணக்கில்.

பட்டியலோடு அரசு வழக்கறிஞரிடம், நீதிபதி ஊரில் இருந்தால் நீதிபதியிடம், பிறகு ஆணையரிடம். "அண்ணன் செய்த குற்றத்துக்குத் தம்பியை வைக்க உங்கள் சட்டத்திலேயே இடமில்லையே ஐயா" என்று ஆரம்பிக்க வேண்டும். ஜெனீவா ஒப்பந்தத்தில் ஆரம்பித்தால் அன்றைய பேச்சு முடிந்தது. சில சமயம் தம்பி வெளியே வருவார். எந்தச் செய்தியிலும் வராது. என்னைக் கேட்டால், இந்த வேலையின் பெரும்பாலான பலன் இப்படித்தான் வருகிறது.

சாட்சிகளிடம் எப்படிப் பேசுவீர்கள்? பேச மறுத்தால்?

மறுத்தால் நன்றி சொல்லி எழுந்துவிட வேண்டும். தகவல் கொடுத்தவருக்குத் தீங்கு வரக் கூடாது என்பது மற்ற எல்லா விதிகளுக்கும் மேலே. தகவல் எவ்வளவு முக்கியமானாலும் சரி.

பேச ஒப்புக்கொண்டால் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்போம். நீங்கள் சொல்வதை நாங்கள் வைத்துக்கொள்ளலாமா? உங்கள் பெயர் இல்லாமல் அறிக்கையில் எழுதலாமா? பெயரோடு வேறு யாரிடமாவது கொடுக்கலாமா? முதலாவதுக்கு ஆம், மூன்றாவதுக்கு இல்லை என்பவர்களே அதிகம். பணம் கொடுப்பதில்லை, எதையும் வாங்கித் தருவதாகச் சொல்வதில்லை. "எனக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. "மருத்துவ உதவிக்கு வழி காட்ட முடியும், நீதி கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது" என்பதுதான் நேர்மையான பதில். சொல்லவே நாக் கூசும். சொல்லித்தான் ஆக வேண்டும்.

கதையை அவர் போக்கில் சொல்ல விடுங்கள். பிறகு திரும்பி வந்து, ஒவ்வொரு இடத்திலும் "இது நீங்கள் கண்ணால் பார்த்ததா, கேள்விப்பட்டதா?" என்று பிரித்துக்கொள்ளுங்கள். சீருடை என்றால் என்ன நிறம், காலில் பூட்ஸா செருப்பா, என்ன மொழியில் கத்தினார்கள், எந்தப் பக்கமிருந்து வந்தார்கள். "அரசுப் படை" என்று அவர் சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்காமல் நகரக் கூடாது.

தேதி கேட்டால் பலருக்குத் தெரியாது. நம் ஊரில் "புயல் அடிச்ச வருஷம்" என்று கணக்கு வைப்பதுபோல, சோளம் பூத்தபோது, ஆற்றில் தண்ணீர் வடிந்த பிறகு, ஐ.நா. கடைசியாக உணவு போட்ட வாரம் என்பார்கள். உணவு போட்ட தேதி ஆவணத்தில் இருக்கும்; அங்கிருந்து பின்னோக்கி எண்ணலாம். குறிப்பேட்டில் பெயரும் வாக்குமூலமும் ஒரே பக்கத்தில் இருக்கக் கூடாது. சாவடியில் பையைத் திறந்து பார்ப்பார்கள் என்று நினைத்தே எழுத வேண்டும்.

மொழி தெரியாமல் எப்படி?

ஜூபா அரபு ஓரளவு பிடிபட்டுவிடும், சந்தைக்கும் சாவடிக்கும் போதும். விசாரணைக்குப் போதாது. நுவேர், டிங்கா, ஷில்லுக் என்று இடத்துக்கேற்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டும். நுவேர் முகாமுக்குள் டிங்கா மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிக்கொண்டு போனால் இரண்டு தரப்புக்கும் ஆபத்து, யாரும் வாயும் திறக்க மாட்டார்கள். ஆண் மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பெண்ணிடம் பாலியல் வன்முறை பற்றிக் கேட்பது இன்னொரு பெரிய தவறு.

மொழிபெயர்ப்பாளருக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டியது: "அவர் நான் என்றால் நீங்களும் நான் என்றே சொல்லுங்கள், சுருக்காதீர்கள், அழகுபடுத்தாதீர்கள்." அவர்களில் பலர் சொந்த வீட்டில் சாவைப் பார்த்தவர்கள். மாலையில் கார் நம்மை முகாமில் இறக்கிவிடும். அவர்கள் அதே ஊரில், எல்லாரும் பார்க்க, நடந்து வீட்டுக்குப் போவார்கள்.

இறந்தோர் எண்ணிக்கை ஏன் ஒவ்வொரு அறிக்கையிலும் மாறுகிறது? யாரை நம்புவது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. சந்தேகத்தோடு கேட்பவர்களும் உண்டு, அதில் தப்பில்லை. பெந்தியூவை எடுத்துக்கொள்வோம்.

2014 ஏப்ரல் 15 அன்று மச்சார் தரப்புப் படை எண்ணெய் வளமுள்ள யூனிட்டி மாநிலத்தின் தலைநகர் பெந்தியூவைப் பிடித்தது. மசூதி ஒன்றில் அடைக்கலம் புகுந்திருந்தவர்களைக் கொன்றார்கள். பெரும்பாலானோர் டார்ஃபூர் பகுதியிலிருந்து வந்த சூடானிய வியாபாரிகள். மருத்துவமனையிலும் கொன்றார்கள். உள்ளூர் வானொலியில் வெறுப்புப் பேச்சு ஒலிபரப்பானது. இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 17 அன்று, போர் நகரில் (ஆம், ஊரின் பெயரே போர்) ஆயுதம் ஏந்திய கூட்டமொன்று ஐ.நா. முகாமுக்குள்ளேயே புகுந்து, அங்கே தஞ்சமிருந்தவர்களைத் தாக்கியது.

முதல் வாரத்தில் யுன்மிஸ் சொன்னது: மசூதியில் 200க்கு மேற்பட்டோர் சாவு. 2015 ஜனவரியில் வந்த முழு அறிக்கை சொன்னது: மசூதியில் குறைந்தது 287 பேர், மருத்துவமனையில் குறைந்தது 19 பேர், போர் முகாமில் குறைந்தது 47 பேர். மொத்தம் 353. நடுவில் ஒன்பது மாதம்.

முதல் எண் பொய்யில்லை; அன்றைக்கு நின்று சொல்லக்கூடிய அளவு அது. அதற்குப் பிறகு நடப்பது மெதுவான வேலை. இப்படிப்பட்ட இடத்தில் உயிர் பிழைத்தவரிடம் "எத்தனை பேர் செத்தார்கள்?" என்று கேட்டால் "நிறைய" என்பார், அல்லது பெரிய எண் ஒன்றைச் சொல்வார். அந்த எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "உங்களுக்கு இந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருந்தார்? அந்தப் பக்கம்? அவர் பெயர் என்ன, எந்தக் கடை, யாரோடு வந்தார்?" என்று போக வேண்டும். கிராமமென்றால் வீடு வீடாக: அன்று இரவு இந்த வீட்டில் படுத்திருந்தவர்கள் யார் யார்? ஒரே ஆளை மூன்று பேர் மூன்று பெயரில் சொல்வார்கள், அதைக் கண்டுபிடித்து ஒன்றாக்க வேண்டும். புதைத்தவர்களிடம், மருத்துவமனை ஊழியர்களிடம், ஊர்ப் பெரியவர்களிடம் தனித்தனியாகக் கேட்டு ஒப்பிட வேண்டும்.

"குறைந்தது" என்ற சொல் அறிக்கையில் ஒப்புக்கு வருவதில்லை. இதற்குக் கீழே போகாது என்று எங்களால் வாதாட முடிந்த எண் என்று பொருள். ஆப்கானிஸ்தானில் ஐ.நா. குழு ஒரு சம்பவத்தைச் சரிபார்த்ததாக எண்ணிக்கையில் சேர்க்கக் குறைந்தது மூன்று வெவ்வேறு வகை ஆதாரங்கள் வேண்டும் என்று வைத்திருந்தது: பாதிக்கப்பட்டவர், சாட்சி, மருத்துவர், உள்ளூர் அதிகாரி என்று தனித்தனி வகை. அப்படிச் சல்லடை போட்டும் 2020இல் 3,035 பொதுமக்கள் சாவு, 5,785 பேர் காயம் என்று வந்தது. உண்மை அதற்கு மேலேதான் இருக்கும். ஓர் எண்ணைக் கூட்டிச் சொன்னோம் என்று யாராவது ஒரு தடவை நிரூபித்துவிட்டால், அதற்குப் பிறகு நாம் சொல்லும் ஒவ்வொரு சாவையும் மறுக்க அது போதும்.

பெந்தியூ, போர் கொலைகள் நடந்த மாதக் கடைசியில் அப்போதைய ஐ.நா. மனித உரிமை உயர் ஆணையர் நவி பிள்ளை தென் சூடானுக்கு வந்து சல்வா கீரையும் மச்சாரையும் நேரில் சந்தித்துப் பேசினார். தென் ஆப்பிரிக்காவின் டர்பன் நகரில் தமிழ் வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர் அவர்.

பாலியல் வன்முறை வழக்குகளை எப்படிக் கையாளுகிறீர்கள்?

முதலில் மருத்துவம், பிறகுதான் விசாரணை. 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குப் போனால் எச்ஐவி தொற்றைத் தடுக்க மருந்து கொடுக்க முடியும். அந்த நேரத்தைக் கேள்வி கேட்டு வீணாக்கக் கூடாது. ஏற்கெனவே இரண்டு அமைப்புகளிடம் சொல்லிவிட்ட பெண்ணிடம் மூன்றாவது முறை முழுதும் சொல்ல வைக்கவும் கூடாது. இதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் தனியாக உண்டு. குழந்தைகள் விஷயமும் அப்படியே. ஆர்வத்தில் நீங்களே இறங்காதீர்கள்.

அரசு உள்ளே விடவில்லை என்றால்?

அது அன்றாடம். ஹெலிகாப்டரில் போக வேண்டுமானால், சுட மாட்டோம் என்று படைத்தரப்பு உறுதி தர வேண்டும். தாக்குதல் நடந்த பகுதிக்கு மட்டும் அந்த உறுதி நாள்கணக்கில் வராது. வந்தாலும் மழை. அந்தக் கரிசல் மண் நனைந்தால் ஓடுதளமும் கிடையாது, சாலையும் கிடையாது.

அப்போது தப்பி ஓடியவர்களைத் தேடிப் போகலாம்: உகாண்டாவின் பிடிபிடி, எத்தியோப்பியாவின் கம்பேலா போன்ற அகதிகள் தங்கும் இடங்களுக்கு. தொலைபேசி, செயற்கைக்கோள் படங்கள். மாலியின் மூரா கிராமத்தில் 2022 மார்ச் கடைசியில் நடந்த கொலைகளை விசாரித்தவர்களை அரசு அந்த ஊருக்குள் விடவேயில்லை. ஆனாலும் 2023 மே மாதம் வந்த அறிக்கை குறைந்தது 500 பேர் கொல்லப்பட்டார்கள் என்று நிறுவியது. இலங்கை பற்றி 2014இல் மனித உரிமைப் பேரவை கேட்டுக்கொண்ட விசாரணையும் நாட்டுக்குள் கால் வைக்காமலேயே நடந்து, 2015 செப்டம்பரில் அறிக்கையானது. தூரத்திலிருந்து செய்ய முடியும். ஆனால் முற்றத்து மரத்தடியில் உட்கார்ந்தால் மட்டும் தெரிகிற விஷயங்கள் அதில் வராது.

உயிருக்கு ஆபத்து உண்டா?

உண்டு. 2012 டிசம்பரில் ஜோங்லெய் மாநிலத்தில் அரசு ராணுவமே ஐ.நா. ஹெலிகாப்டரைச் சுட்டு வீழ்த்தியது, நான்கு ஊழியர் பலி. 2014 ஆகஸ்டில் பெந்தியூ அருகே இன்னொன்று, மூவர் பலி. 2017 மார்ச்சில் காங்கோவின் கசாய் பகுதியில் விசாரணைக்குப் போன ஐ.நா. நிபுணர்கள் இருவர் கொல்லப்பட்டார்கள்.

அன்றாடத்தில் அதிகம் படுத்துவது மலேரியா, மோசமான சாலை, ராத்திரி ஊரடங்கு, கன்டெய்னர் அறையின் தனிமை. அரசுக்குப் பிடிக்காவிட்டால் வெளியேற்றவும் செய்வார்கள்: 2012 நவம்பரில் தென் சூடான் ஒரு மனித உரிமை அலுவலரையும், 2023 பிப்ரவரியில் மாலி ஐ.நா. மனித உரிமைப் பிரிவின் தலைவரையும் வெளியேற்றின. வெளியேற்றப்பட்டவருக்கு வேறு நாட்டில் வேலை உண்டு. அவரிடம் பேசியவர்கள் அங்கேயே இருப்பார்கள். ஆபத்துக் கணக்கை அங்கிருந்துதான் போட வேண்டும்.

அறிக்கை எழுதி யாராவது தண்டிக்கப்பட்டார்களா?

தென் சூடானில் மிகக் குறைவு. 2016 ஜூலைச் சண்டையின்போது ஜூபாவின் டெர்ரெய்ன் விடுதியில் படையினர் ஒரு பத்திரிகையாளரைக் கொன்று, உதவிப் பணியாளர்களைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினார்கள். 2018 செப்டம்பரில் ராணுவ நீதிமன்றம் பத்துப் பேருக்குத் தண்டனை விதித்தது. பாதிக்கப்பட்டவர்களில் வெளிநாட்டினர் இருந்தார்கள். அதனால்தான் வழக்கு அவ்வளவு தூரம் வந்தது என்பது என் கருத்து. அதே வாரத்தில் அதே ஊரில் தாக்கப்பட்ட உள்ளூர்ப் பெண்களுக்கு அப்படி ஒரு தீர்ப்பு வரவில்லை. ஆப்பிரிக்க ஒன்றியத்தோடு சேர்ந்து கலப்பு நீதிமன்றம் (உள்நாட்டு நீதிபதிகளும் பிற ஆப்பிரிக்க நாட்டு நீதிபதிகளும் சேர்ந்து உட்காருவது) அமைப்பதாக 2015 ஒப்பந்தத்தில் எழுதினார்கள், 2018இல் மறுபடி எழுதினார்கள். பத்து ஆண்டு கழிந்தும் நீதிமன்றம் இல்லை.

ஆனால் தண்டனை ஒன்றுதான் அளவுகோல் என்றால் இந்த வேலையைத் தப்பாகப் புரிந்துகொள்வீர்கள். 2011 அக்டோபரில் ஆப்கானிஸ்தான் ஐ.நா. குழு 47 தடுப்பு மையங்களில் 379 கைதிகளிடம் பேசி, சித்திரவதை பற்றி அறிக்கை வெளியிட்டது. அது வெளிவருமுன்பே, கண்டறிந்ததைக் கேட்ட நேட்டோ படை 16 மையங்களுக்குக் கைதிகளை அனுப்புவதை நிறுத்தியது. தண்டிக்கப்பட்டவர் ஏறக்குறைய இல்லை. அங்கே போயிருக்க வேண்டிய கைதிகள் போகாமல் தப்பினார்கள்.

என்ன படிக்க வேண்டும்? எப்படி விண்ணப்பிப்பது?

சட்டம், அரசியல், சர்வதேச உறவு, சமூகவியல் எதுவானாலும் முதுநிலைப் பட்டம் பொதுவாகக் கேட்பார்கள். இளநிலைப் பட்டத்தோடு கூடுதல் அனுபவத்தையும் ஏற்பதுண்டு. தொடக்க அலுவலர் நிலையான பி-2க்கு இரண்டு ஆண்டு, அதற்கு அடுத்த பி-3க்கு ஐந்து ஆண்டு அனுபவம் என்பது வழக்கம். ஆங்கிலம் கட்டாயம். பிரெஞ்சோ அரபோ தெரிந்தால் வாய்ப்பு இரண்டு மடங்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். காங்கோவுக்கும் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசுக்கும் பிரெஞ்சு இல்லாமல் போகவே முடியாது. பலர் உள்ளே நுழைவது ஐ.நா. தன்னார்வலர் திட்டம் வழியாக. பெயர்தான் தன்னார்வலர், மாதப்படி உண்டு, வேலை மற்ற அலுவலர்கள் செய்வதேதான்.

நேர்காணலில் "மனித உரிமை என்றால் என்ன?" என்று கேட்க மாட்டார்கள். "கருத்து வேறுபாடு வந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள், உதாரணம் சொல்லுங்கள்" என்பார்கள். மாவட்டச் சிறையில் சட்ட உதவிக்குப் போனவர், காவல் மரணம் ஒன்றின் உண்மை அறியும் குழுவில் இருந்தவர், அகதி முகாமில் வேலை செய்தவர் அதற்குப் பதில் சொல்லிவிடுவார். சான்றிதழ்கள் மட்டும் அடுக்கி வைத்திருப்பவர் தடுமாறுவார். சந்தேக மரணங்களை விசாரிக்கும் மின்னசோட்டா நெறிமுறை, சித்திரவதையை ஆவணப்படுத்தும் இஸ்தான்புல் நெறிமுறை இரண்டையும் ஒருமுறையாவது படித்துவிட்டுப் போங்கள். இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன.

பெண்கள் இந்த வேலைக்குப் போகலாமா?

போகலாமா என்ன, போனால்தான் பாதி வேலை நடக்கும்.

என் சொந்த நாட்டிலேயே வேலை செய்யலாமா?

சர்வதேச அலுவலராகப் பொதுவாகச் சொந்த நாட்டில் போட மாட்டார்கள். உள்நாட்டு அலுவலர் பதவிகள் தனியாக உண்டு. மொழியும் ஊரும் தெரிந்த அவர்களே குழுவின் முதுகெலும்பு. பிடிபட்டால் அவர்களைத்தான் முதலில் பிடிக்கிறார்கள் என்பதும் தெரிந்தே சேர வேண்டும்.

சம்பளம்? குடும்பத்தைக் கூட்டிப் போகலாமா?

சம்பளம் நல்ல சம்பளம். கஷ்டமான பணியிடங்களை ஏ முதல் இ வரை தரம் பிரிப்பார்கள். ஜூபா கடைசித் தரமான இ. அதற்குத் தனிப்படி. குடும்பத்துக்கு அனுமதியில்லை. சில வாரங்களுக்கு ஒருமுறை ஐந்து வேலைநாள் ஓய்வு விடுப்பு, நாட்டுக்கு வெளியே போய்த் தூங்கலாம். அதை எடுக்காமல் வேலை பார்ப்பதைப் பெருமையாகச் சொல்கிறவரோடு ஒரே அறையில் வேலை செய்யாதீர்கள்.

ஐ.நா. வேலைக்கு முன்பணம் கட்டச் சொல்லி மின்னஞ்சல் வந்திருக்கிறது. கட்டலாமா?

கட்டாதீர்கள். ஐ.நா. விண்ணப்பத்துக்கோ நேர்காணலுக்கோ பயிற்சிக்கோ ஒரு பைசா வாங்காது. வாட்ஸ்ஆப்பில் நியமன ஆணை வந்தால் அது மோசடி.

இப்போது வேலை கிடைக்குமா?

கஷ்டம். மாலியில் ஐ.நா. பணிக்குழு 2023 கடைசியில் மூடப்பட்டது, சூடானில் 2024 தொடக்கத்தில். காங்கோவில் தெற்கு கிவு மாகாணத்தை விட்டு 2024இல் வெளியேறினார்கள். அனுபவமுள்ளவர்கள் பலர் வேலையிழந்து அதே பதவிகளுக்கு உங்களோடு போட்டியிடுகிறார்கள். 2025இல் பணமில்லாமல் எல்லாப் பிரிவிலும் வெட்டு. நல்ல காலத்திலேயே ஐ.நா.வின் வழக்கமான பட்ஜெட்டில் மனித உரிமைக்குப் போனது ஐந்து சதவீதத்தை ஒட்டியே.

ஆகவே ஐ.நா. என்ற ஒரே வாசலில் நிற்காதீர்கள். உள்நாட்டு அமைப்புகள், சட்ட உதவி மையங்கள், அகதிகளுக்கான அமைப்புகள், ஆவணக் காப்பக வேலைகள் எல்லாம் இதே கைத்தொழில்தான். இரண்டு மூன்று ஆண்டு அங்கே பதிவேட்டைப் படிக்கவும், சாட்சி சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்கவும், கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதவும் பழகிக்கொண்டு விண்ணப்பம் போடுங்கள். அதற்குள் பிரெஞ்சும் கற்றுக்கொள்ளுங்கள்.